வரலாற்றின் வாயிலில் கட்டணம்

நுழையும்முன்

கோயில், கோட்டை, குடைவரை, ஓவியம் என முன்னோர் விட்டுச்சென்றவை யாவும் நாட்டின் பொதுச்சொத்து. பொதுச்சொத்தைக் காண்பதற்கு விலை வைக்கலாமா? விலை வைக்காவிடில், காலத்தின் அரிப்பிலிருந்து அவற்றைக் காப்பது எவ்வாறு? நாட்டின் முதன்மையான வரலாற்றுச் சின்னங்களின் வாயில்களில் எழும் இக்கேள்வியை இருபுறமும் சீர்தூக்கிப் பார்த்து, ஒரு முடிவை முன்வைக்கிறது இக்கட்டுரை.

ஓர் ஊர்; இருவகை வாயில்

மாமல்லபுரத்தின் நடுவே, தலசயனப் பெருமாள் கோயிலை அடுத்து, சாலையோரத்தில் ஓங்கி நிற்கிறது அருச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பம். யானைக் கூட்டமும், தவம் செய்யும் பூனையும், அதனைச் சூழ்ந்த எலிகளும் அவ்வழியே செல்லும் அனைவருக்கும் காட்சி தருகின்றன. பேருந்துக்குக் காத்திருப்பவரும், கூடையைத் தலையில் சுமந்து செல்பவரும், பள்ளி முடிந்து வீடு திரும்பும் சிறுவரும் அதனை ஒரு காசும் செலவின்றிக் காண்கின்றனர். சிறிது தொலைவில் உள்ள கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அவ்வாறு காண இயலாது. அங்கே கட்டணச் சீட்டு வேண்டும். இந்தியருக்கு 40 ரூபாய். வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்களின் சந்திப்பு இவ்வூரில் நிகழ்ந்தபின் பார்வையாளர் கூட்டம் பெருகியது. அதனைத் தொடர்ந்து, அதுவரை எவரும் தடையின்றிக் கண்டுவந்த வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கும் கட்டணம் வந்தது.

இவை அனைத்தும் பல்லவர் காலத்து ஊர் ஒன்றின் அடையாளங்கள். யுனெஸ்கோ நிறுவனம் 1984ஆம் ஆண்டு இவற்றை ஒருசேர உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் ஒன்றன் வாயில் திறந்திருக்கிறது. மற்றொன்றன் வாயிலில் விலை எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்றைக் காண்பது குடிமக்களின் உரிமையா, விலை கொடுத்துப் பெறும் சேவையா என்னும் கேள்வி இவ்விடத்தில்தான் பிறக்கிறது.

சட்டம் கூறுவது

நாட்டு முதன்மை வாய்ந்தவை என நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சிதைவிலிருந்தும் அழிவிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்கிறது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 49ஆம் உறுப்பு. நாட்டின் கூட்டுப் பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது அதன் 51அ உறுப்பு. ஆகவே காக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, மக்களுக்கும் உண்டு. அப்பொறுப்பை மக்கள் வரிப்பணத்தின் வழியாக நிறைவேற்ற வேண்டுமா, வாயிற்கட்டணத்தின் வழியாக நிறைவேற்ற வேண்டுமா என்பதை இவ்வுறுப்புகள் வரையறுக்கவில்லை.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறை பாதுகாத்துவரும் சின்னங்கள் ஏறத்தாழ 3,700. அவற்றுள் கட்டணம் வசூலிக்கப்படுபவை 150க்கும் குறைவு. இவை இருவகைப்படும். முதல் வகையில் உலக மரபுச் சின்னங்கள் உள்ளிட்ட புகழ்மிக்க இடங்கள் அடங்கும். இரண்டாம் வகையில் சித்தன்னவாசல் போன்றவை அடங்கும். 2018ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்டபடி, முதல் வகைக்கு இந்தியர் 40 ரூபாயும் இரண்டாம் வகைக்கு 25 ரூபாயும் செலுத்துகின்றனர். வெளிநாட்டவருக்கு முறையே 600, 300 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் வேண்டும் என்போர் வாதம்

கல் அழியாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், கல்லும் தேயும். கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் பலவற்றில் முகம் மழுங்கியிருப்பதற்குக் காரணம், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வீசிவரும் உப்புக்காற்று. அதனைத் தடுக்கவே கோயிலைச் சுற்றிச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன; அலையைத் தடுக்கக் கல்லணைப்பு அமைக்கப்பட்டது. கல்லில் ஊறிய உப்பை வெளியேற்ற, ஈரமான காகிதக்கூழைப் பூசி உலரவிட்டு உரித்தெடுக்கும் முறை கையாளப்படுகிறது. உப்புக்காற்று ஓய்வதில்லை, எனவே இப்பணிக்கும் ஓய்வில்லை. ஒருமுறை செய்துமுடித்துக் கணக்கை மூடிவிடும் செலவன்று இது.

இயற்கை மட்டுமன்றி மனிதரும் தேய்மானத்திற்குக் காரணமாகின்றனர். பிரான்சு நாட்டில் 1940ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட லாஸ்கோ குகையின் ஓவியங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருந்தவை. பார்வையாளர் வரத் தொடங்கியபின், அவர்களின் மூச்சுக்காற்றாலும் உடல்வெப்பத்தாலும் அவை கெடலாயின. 1963ஆம் ஆண்டில் அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. கெடுதல் எண்ணம் சிறிதும் இல்லாத பார்வையாளரும் தாம் காண வந்த பொருளைச் சிறிதளவு தேய்த்துவிட்டே செல்கிறார். தேய்ப்பவர் செலவில் ஒரு பங்கை ஏற்பதே அறம் என்பது கட்டணத்தை ஆதரிப்போரின் முதல் வாதம்.

இரண்டாவது வாதம், வரிப்பணம் பற்றியது. கட்டணம் இல்லை என்பதனால் செலவு இல்லை என்று பொருளாகாது. அச்செலவை வேறு எவரோ ஏற்கிறார். தாஜ்மகாலை ஒருமுறைகூடக் கண்டிராத, காணும் வாய்ப்பும் இல்லாத உழவர் ஒருவர், தாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் வரி செலுத்துகிறார். சுற்றுலா செல்ல வசதி படைத்தவரின் காட்சியின்பத்திற்கு அவ்வுழவர் முழுச்செலவும் அளிப்பது முறையா என அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

கட்டணம் வேண்டா என்போர் வாதம்

மறுதரப்பினர் இதே வரியைக் கொண்டே எதிர்வாதம் செய்கின்றனர். பொதுச்சொத்தின் பாதுகாப்புக்கு வரி செலுத்திய குடிமகனிடம் வாயிலில் மீண்டும் பணம் கேட்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை பெறுவதாகும் என்பது அவர்களின் கூற்று. பொதுச்சாலையில் நடக்கவும் பொது நூலகத்தில் படிக்கவும் விலை கேட்பதில்லை; நாட்டின் நினைவகமாகிய தொன்மைச் சின்னங்களுக்கு மட்டும் விலை ஏன் என்கின்றனர்.

இவ்வாதத்தைவிட வலிமையானது வறியோரின் நிலை. நாற்பது ரூபாய் சிறுதொகை என்று கருதுவோர் உளர். தாய், தந்தை, பாட்டி, பதினாறு வயது மகள், பன்னிரண்டு வயது மகன் அடங்கிய ஒரு குடும்பம் கடற்கரைக் கோயிலைக் காண வருவதாகக் கொள்வோர், கணக்கை எளிதில் அறியலாம். மகனுக்குக் கட்டணம் இல்லை. ஏனைய நால்வருக்கும் 160 ரூபாய். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு 2024-25ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட ஒருநாள் ஊதியம் 319 ரூபாய். அரைநாள் உழைப்பின் பயன் வாயிலிலேயே கரைந்துவிடுகிறது. பேருந்துக் கட்டணமும் உணவும் இதில் சேரவில்லை. அத்தகைய குடும்பம் வேலிக்கு வெளியே நின்று கோபுரத்தின் உச்சியை மட்டும் நோக்கிவிட்டுக் கடற்கரைக்குச் சென்றுவிடும். அக்கோயிலை எழுப்பியோர் கற்களைச் சுமந்த கைகளுக்கு உரியோர். அவர்களின் வழிவந்தோரே வெளியே நிற்கின்றனர்.

வயது வரம்பும் எண்ணிப்பார்க்கத் தக்கது. பதினைந்து வயது வரை வாயில் திறந்திருக்கிறது. பல்லவர் சிற்பக்கலையையும் சோழர் கல்வெட்டுகளையும் பொருளுணர்ந்து கற்கும் மேல்நிலை வகுப்பை எட்டும்போது அது மூடுகிறது. ஆறு வயதுக் குழந்தை கட்டணமின்றி ஓடி விளையாடிய இடத்தை, அதன் வரலாற்றைக் கற்றுத் தெளிந்த பதினாறு வயது மாணவி விலை கொடுத்தே காணவேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போருக்கும் அவற்றின் மீது கிறுக்குவோருக்கும் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இவ்விரண்டுமோ விதிக்க 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் இடமளிக்கிறது.

விலை மதிப்பைத் தருமா?

விலை கொடுத்துப் பெறுவதையே மக்கள் மதிப்பர் என்றொரு கருத்தும் உண்டு. இக்கருத்து நடைமுறையில் நிலைபெறவில்லை. கட்டணம் வசூலிக்கும் கோட்டைகளின் சுவர்களிலும் பெயர்க் கீறல்கள் காணப்படுகின்றன. சீட்டு வாங்கியவர் கையில் ஆணி இருக்காது என்பதற்கு உறுதியில்லை. மதிப்பு என்பது அறிவினால் வருவது. எழுதப்பட்டிருப்பது இன்னதென்று அறிந்தவர் கல்வெட்டின் மீது சாய்ந்து நில்லார். சின்னத்தின் அருகே தெளிவான தமிழில் ஒரு விளக்கப் பலகையும், வழிகாட்டும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவரும் இருந்தால், அவை கட்டணச் சீட்டைவிட மிகுதியாகக் காக்கும்.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கட்டணம் உதவும் என்பதும் ஆராயத்தக்கதே. 2018 டிசம்பரில் தாஜ்மகாலின் முதன்மைக் கல்லறை மாடத்திற்குள் செல்ல 200 ரூபாய் தனிக்கட்டணம் விதிக்கப்பட்டது. உள்ளே நெரிசலைக் குறைப்பது அதன் நோக்கம். நெரிசல் குறையலாம், ஆனால், குறைந்தோர் யாவர்? ஆர்வம் குறைந்தோர் அல்லர், பணம் குறைந்தோர். நாளொன்றுக்கு இத்தனை பேர், மணிக்கு இத்தனை பேர் என வரையறுத்து, வந்த வரிசைப்படி விடுவதும் நெரிசலைக் குறைக்கும். அம்முறையில் செல்வரும் வறியரும் ஒரே வரிசையில் நிற்பர்.

திறந்த வாயிலும் புதிய வாயிலும்

தஞ்சைப் பெரிய கோயில் உலக மரபுச் சின்னம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வழிபாடு நிகழும் இடத்தில் வழிபடுவோரைத் தடுத்தல் ஆகாது. வழிபட வந்தவர் யார், கலையைக் காண வந்தவர் யார் எனப் பிரிக்கவும் இயலாது. கட்டணம் இன்றியே அக்கோயில் பேணப்படுகிறது. கட்டணம் இருந்தால்தான் பாதுகாப்பு என்னும் கூற்றுக்கு அக்கோயிலே மறுப்பாக நிற்கிறது.

இத்தாலியின் ரோம் நகரில் உள்ள பாந்தியன் வேறொரு வழியைக் காட்டுகிறது. பண்டைய ரோமர் கட்டிய அம்மண்டபம் ஏழாம் நூற்றாண்டு முதல் தேவாலயமாக விளங்குகிறது. அங்கு 2023 ஜூலையில் ஐந்து யூரோ கட்டணம் தொடங்கியது. ஆயினும் ரோம் நகரவாசிகளுக்கும், வழிபாட்டிற்கு வருவோருக்கும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் கட்டணம் இல்லை. வருவாயில் எழுபது விழுக்காடு பண்பாட்டு அமைச்சகத்திற்கும், முப்பது விழுக்காடு மறைமாவட்டத்திற்கும் செல்லும் என முன்னரே அறிவிக்கப்பட்டது. எவர் செலுத்த வேண்டும், எவர் செலுத்த வேண்டா, பணம் எங்கே செல்லும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறியபின்னரே அவ்வாயிலில் விலை எழுதப்பட்டது.

கம்போடியாவின் அங்கோர் வளாகத்தில் வெளிநாட்டவர் ஒருநாளுக்கு 37 டாலர் செலுத்துகின்றனர். கம்போடிய மக்களுக்குக் கட்டணமே இல்லை. இம்முறையை இந்தியா அப்படியே பின்பற்றுதல் எளிதன்று. இங்குச் சின்னங்களைக் காண வருவோருள் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டினர். அவர்கள் அனைவருக்கும் விலக்களித்தால் வருவாயில் பெரும்பகுதி மறையும். மேலும், வெளிநாட்டவர் என்னும் சொல்லும் இங்கு எளிய சொல்லன்று. சார்க், பிம்ஸ்டெக் அமைப்புகளைச் சேர்ந்த நாட்டினர் இந்தியருக்குரிய கட்டணமே செலுத்துவதால், இலங்கைத் தமிழர் 40 ரூபாயில் நுழைகிறார். மலேசியக் குடியுரிமை மட்டுமே பெற்ற தமிழரோ, தம் பாட்டனார் பிறந்த மண்ணின் கோயிலைக் காண 600 ரூபாய் செலுத்துகிறார்.

பணம் செல்லும் வழி

கட்டணம் பற்றிய வழக்கில் பெரும்பாலோர் தொகையைப் பற்றியே பேசுகின்றனர். தொகையினும் முதன்மையானது அது செல்லும் வழி. தொல்லியல் துறையின் வாயில்களில் பெறப்படும் கட்டணம், அந்தந்தச் சின்னத்தின் கணக்கில் சேர்வதில்லை. அரசின் பிற வருவாய்களைப் போலவே இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. சின்னங்களைப் பேணுவதற்கான தொகை ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையின் வழியாகத் தனியே ஒதுக்கப்படுகிறது. ஆகவே, கடற்கரைக் கோயிலில் செலுத்தப்பட்ட நாற்பது ரூபாய் கடற்கரைக் கோயிலுக்குத் திரும்பியதா என்பதைச் செலுத்தியவர் அறிய வழியில்லை. தேய்ப்பவர் பங்களிக்க வேண்டும் என்னும் அறமார்ந்த வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கிறது. பங்களிப்பு எனப் பெற்ற பணம் கண்ணுக்குத் தெரியாத வழியில் செல்லும்போது அது மற்றொரு வரியாகிவிடுகிறது.

அதற்காக, ஒவ்வொரு சின்னத்தின் வருவாயும் முழுமையாக அதற்கே உரியது என்று விதிப்பதும் பொருந்தாது. அவ்வாறு செய்தால் புகழ்பெற்றவை மேலும் செழிக்கும். கட்டணமே இல்லாத மூவாயிரத்திற்கும் மேற்பட்ட சின்னங்கள் வறண்டு நிற்கும். விழுப்புரம் மாவட்டத்தின் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அத்தகையது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக அவ்வரசன் அங்குக் கல்லில் பொறித்துவைத்தான். மாமல்லபுரக் குடைவரைகளுக்கு முன்னோடியாகிய அக்கோயிலுக்குக் கூட்டமும் இல்லை, வருவாயும் இல்லை. மகனும் பெயரனும் வாழ்ந்த இல்லம் ஒளிபெற, மூத்தோன் இல்லம் இருளில் நிற்றல் முறையாகாது.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, கட்டணத்தை முற்றிலும் நீக்குதலும் இன்றுள்ளவாறே தொடர்தலும் நிறைவான தீர்வுகள் அல்ல என்பது புலனாகும். இயன்றவர் பார்வையாளர் கட்டணம் செலுத்தலாம். ஆனால், அக்கட்டணம் எவரையும் வெளியே நிறுத்திவிடக் கூடாது. எங்கே சென்றது என்பதும் மறைந்திருக்கக் கூடாது. இவ்விரு நெறிகளைப் பின்பற்ற நான்கு மாற்றங்கள் போதும்.

முதலாவது, வயது வரம்பைப் பதினைந்திலிருந்து பள்ளிக்கல்வி முடியும் வரை உயர்த்துதல். பள்ளி அடையாள அட்டையே நுழைவுச் சீட்டாகட்டும். பாடநூலில் படித்த சிற்பத்தை மாணவர் நேரில் காண்பது கல்வியின் ஒரு பகுதி. அதற்குத் தனிவிலை கேட்டல் பொருந்தாது.

இரண்டாவது, சின்னம் அமைந்துள்ள ஊராருக்கு எந்நாளும் கட்டணமின்றி நுழையும் உரிமை அளித்தல். சின்னத்தைச் சுற்றிக் கட்டடம் எழுப்புவதற்குள்ள தடைகளையும் கூட்டத்தின் இடர்ப்பாடுகளையும் தாங்குவோர் அவர்களே. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அச்சின்னத்தைத் தமதென்று கருதார். உள்ளே வந்து பழகியவரே அதன் முதற்காவலர்.

மூன்றாவது, மாதந்தோறும் ஒருநாளேனும் அனைவருக்கும் வாயிலைத் திறத்தல். உலக மரபு நாளாகிய ஏப்ரல் 18, உலக மரபு வாரம் தொடங்கும் நவம்பர் 19 ஆகிய நாள்களில் அண்மை ஆண்டுகளில் கட்டணமின்றி விடப்படுகிறது. ஆண்டுக்கு ஓரிரு நாள்கள் போதா. கூலித்தொழிலாளிக்கு அந்நாள்களில் வேலை இருக்கலாம். இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் மாதத்தின் முதல் ஞாயிறன்று 2014 முதல் கட்டணமின்றித் திறக்கப்படுவது இங்கு எண்ணத்தக்கது.

நான்காவது, கட்டண வருவாயில் ஒரு பங்கை அச்சின்னத்திற்கும், மற்றொரு பங்கை அவ்வட்டாரத்தில் கட்டணமில்லாத சிறு சின்னங்களுக்கும் சட்டப்படி ஒதுக்கி, அக்கணக்கை வாயிலிலேயே எழுதிவைத்தல். சென்ற ஆண்டு வந்தோர் எத்தனை பேர், திரண்ட தொகை எவ்வளவு, எப்பணிக்கு எவ்வளவு செலவாயிற்று என்பவற்றை ஒரு பலகை உரைக்கட்டும். கணக்கைக் கண்டவர் தாம் அளித்த நாற்பது ரூபாயை விலையாகக் கருதாமல் கொடையாகக் கருதுவர்.

கல்லில் எழுதிய கணக்கு

பொதுவில் கணக்கு எழுதிவைத்தல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் அளித்தவையும், அவன் தமக்கை குந்தவை அளித்தவையும், அரசியரும் பிறரும் அளித்தவையும் பொறிக்கப்பட்டுள்ளன. அணிகலன்களின் எடையும், அவற்றை நிறுத்த எடைக்கல்லின் பெயரும்கூட அங்கு உண்டு. ஒரு விளக்கை எரிப்பதற்குரிய நெய்க்காக 96 ஆடுகள் வழங்கப்பட்டதும், அவற்றைப் பெற்ற இடையரின் பெயர்களும் அக்கல்லில் காணப்படுகின்றன. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக என்பதை எழுத்தறிந்த எவரும் படித்துக் கேள்வி கேட்க இயலும். பேரரசன் தன் கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்தான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் இயன்ற ஒன்று இன்று ஒரு பலகையில் இயலாமற் போகாது. அப்பலகை வாயிலில் நிற்கும் நாளில், இயன்றவர் மனமுவந்து செலுத்துவர். இயலாதவர் தலைநிமிர்ந்து நுழைவர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்தில் கட்டணம் வசூலிக்கப்படும் வரலாற்றுச் சின்னம் ஒன்றையும் கட்டணமில்லாத சின்னம் ஒன்றையும் நேரில் கண்டு, அவற்றின் பராமரிப்பை ஒப்பிட்டு எழுதுக.

2. ‘வரலாற்றுச் சின்னங்களைக் காணக் கட்டணம் தேவை / தேவையில்லை’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர்ச் சின்னத்தின் வாயிலில் வைப்பதற்கேற்ற விளக்கப் பலகை ஒன்றின் வாசகத்தை உருவாக்குக.